உழவன் வீட்டுத் திங்கட் கணக்கு

(விழுப்புரத்தில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு எமக்கு அளிக்கப்பெற்ற பொருள் இயற்கை உழவு. இதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராய் இருக்கின்றனர். ஒரு சாரார் அதனை அறமென்று போற்றி, அதன்கண் உள்ள இடர்களைச் சொல்லாது விடுவர். மற்றொரு சாரார் அதனை வீண் ஆசையென்று இகழ்ந்து, அதன் பயனைக் காணாது விடுவர். யாம் இவ்விரு நெறியையும் விடுத்து, திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் இரண்டு மூன்று ஏக்கர் நிலமுடைய ஒரு குடும்பம் நஞ்சும் செயற்கை உரமும் இடாது பயிர் செய்யுமாயின், சித்திரை முதல் பங்குனி வரை அவ்வீட்டில் எந்தத் திங்களில் பணம் வரும், எந்தத் திங்களில் போகும் என்பதனை மட்டும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கேட்டுக் கேட்டு, உழவனுக்குக் கணக்கே வேண்டா என்று நம்மவர் பலர் கருதிவிட்டனர். அக்கருத்து நமக்குப் பெருங்கேடாய் முடிந்துள்ளது. நிலம் விற்கப்படும் காலத்தை உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். விளையாத ஆண்டில் விற்ற நிலத்தினும், கையில் காசில்லாத திங்களில் விற்ற நிலமே மிகுதி. பள்ளி திறக்கும் வைகாசி, ஆனித் திங்கள்களில் பிள்ளைகளின் கட்டணமும், உழவுக் கூலியும், விதைச் செலவும் ஒருங்கே வந்து நிற்கும். அவ்வேளையில்தான் மனைத் தரகர் வாயிலில் வந்து நிற்கின்றார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் கல் நட்டுக் கொடி கட்டிய மனைப்பிரிவுகள் எத்தனை என்பதனை நீங்கள் வரும் வழியிலேயே கண்டிருப்பீர்கள். அவற்றுள் நம் குடும்பங்களின் நிலமும் உண்டு. தையில் நெல் கண்ட வீடு ஆனியில் நிலத்தை விற்கின்றதென்றால், அங்கே குறை மண்ணினிடத்தில் இல்லை. ஆறு திங்களைக் கடக்கும் வழி தெரியாமையில் இருக்கின்றது.

ஆதலின் திங்கள்தோறும் நிகழ்வதனை முறையாகக் காண்போம்.

சித்திரைத் திங்கள் வரவில்லாத திங்கள். ஆயினும் அதில் செய்யும் வேலையே ஆண்டு முழுமைக்கும் அடிப்படை. திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவில் வள்ளுவர், உழுத மண்ணைக் காயவிடுதலின் பயனையும், எரு, களை, நீர், காவல் என்பவற்றின் சிறப்பையும் வரிசைப்படுத்திக் கூறியிருத்தலை நீங்கள் அறிவீர்கள். கோடை உழவு மண்ணை உலர்த்துவதோடு, மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாக்கும். இத்திங்களிலேயே ஆட்டுக்கிடை கட்டுதல் வேண்டும். ஏரி வண்டல் அடித்தல் வேண்டும். உழவர் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்; 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே அதற்கு இசைவு வழங்கப்படுகின்றது. மண் இலவசமே, வண்டி வாடகை இலவசமன்று. கிடைக்காரருக்கும் கூலி உண்டு. எனவே சித்திரைக் கணக்கில் வரவு வெறுமை, செலவு கனம்.

வைகாசியில் கோடைமழை ஒன்றிரண்டு பெய்யும். அந்த ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்தல் வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூக்கும் பருவத்தில் அதனை மடக்கி உழுதால், அதுவே நிலத்திற்குத் தழைச்சத்தாம். இதனைக் கண்ட அண்டை நிலத்தார், பயிரேற்றாமல் செடி வளர்க்கின்றான் என்று நகைப்பர். அந்நகைப்பைப் பொறுத்தலும் இயற்கை உழவின் செலவுகளுள் ஒன்று.

இங்கே ஓர் உண்மையை மறையாது சொல்லுதல் வேண்டும். இயற்கை உழவில் செலவே இல்லை என்பார் சொல்லை நம்பாதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை அரசின் மானியத்தால் 300 ரூபாய்க்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அதனை வாங்கி ஒருவர் ஒரு காலைப்பொழுதில் வீசிவிடலாம். அந்த மூட்டையின் இடத்தில் நாம் தக்கைப்பூண்டு விதைக்கின்றோம், கிடை கட்டுகின்றோம், சாணமும் கோமியமும் வெல்லமும் பயற்றுமாவும் கரைத்து ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் பாய்ச்சுகின்றோம். கடைக்குச் செல்லும் காசு குறைகின்றது. கை உழைப்பு மிகுகின்றது. வீட்டில் உழைக்கும் கைகள் உள்ளவர்க்கு இது வரவு. எல்லாவற்றிற்கும் கூலியாள் தேடுவோர்க்கு இது செலவு. இவ்வேறுபாட்டை அறியாது புகுந்தவர்களே இரண்டாம் ஆண்டில் கைவிட்டு வெளியேறுகின்றனர்.

ஆனியும் ஆடியும் நம் பக்கத்தில் மல்லாட்டை விதைக்கும் காலம். மணிலாக்கொட்டை என்பதே நம்மவர் நாவில் மல்லாட்டை ஆயிற்று. இப்பயிர்க்கும் நம் நாட்டிற்கும் உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டில், அந்நாளைய தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு நாட்டு மார்செயில் நகரத்து எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பழைய விதை வலியிழந்து விளைச்சல் குன்றவே, மொரீசியசுக் கடலை என்னும் வேற்று விதையைக் கொணர்ந்து பயிரிட்டனர். பின்னர்த் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் டி.எம்.வி. 2 என்னும் விதையையும், 1967இல் டி.எம்.வி. 7 என்னும் விதையையும் வெளியிட்டது. அவ்வெழுத்துக்கள் குறிப்பது நம் திண்டிவனத்தையே. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய விதை நாடெங்கும் சென்றது. ஆயினும் நம்மவர் பலர் ஆடி பிறந்ததும் கடன் வாங்கி விதைக்கடலை வாங்குகின்றனர்.

ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ கடலைப் பருப்பு விதையாக வேண்டும். அப்பணம், வரவே இல்லாத திங்களில் செல்லும் பணம். கடலை விதை நெல்போல் நெடுங்காலம் உயிர்தாங்குவதன்று. உரிக்காது காயாகவே காயவைத்துச் சேமித்தாலும் சில திங்களே முளைப்புத் திறன் நிற்கும். ஆதலின், மார்கழிப் பட்டத்தில் இறவையில் விளைந்த கடலையினின்று ஆடிக்கும், ஆடிப் பட்டத்துக் கடலையினின்று மார்கழிக்கும் மாறி மாறி விதை எடுத்தல் வேண்டும். கிணறுள்ளவர் ஒரு பட்டமும், கிணறில்லாதவர் ஒரு பட்டமும் பயிர் செய்யும் நம் ஊர்களில், ஒரே குடும்பம் இரு பட்டமும் பயிரிடுதல் அரிது. இருவர் கூடி மாற்றிக்கொண்டால் இருவர்க்கும் விதைக்கடன் இல்லை. கூட்டுறவின் தேவை இங்கேதான் முதன்முதல் புலப்படுகின்றது.

மானாவாரிக் கடலையின் பெரும்பகை சிவப்புக் கம்பளிப்புழு. முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்தவுடன், கோடை முழுதும் மண்ணுள் உறங்கிய கூடுகளினின்று அந்துப்பூச்சிகள் கிளம்பும். அவை முட்டைகளைக் கூட்டங்கூட்டமாக இடும். பொரித்த புழுக்கள் வளர்ந்தபின் ஒரு கொல்லையைத் தின்று தீர்த்து, அடுத்த கொல்லைக்குப் படைபோல் நடக்கும். மழை பெய்த மறுநாள் முதல் மாலைப் பொழுதில் விளக்குப் பொறி வைத்தும், கொல்லைமேட்டில் தீ மூட்டியும் அந்துப்பூச்சிகளை ஈர்த்து அழித்தல் பழைய முறை. கடலைக்கு இடையே தட்டைப்பயறும், ஓரத்தில் ஆமணக்கும் விதைத்தால், தாய்ப்பூச்சி அவற்றில் முட்டையிடும்; அம்முட்டைகளை இலையோடு கிள்ளி அழிக்கலாம். ஆயினும் ஊரில் ஒருவர் மட்டும் தீ மூட்டினால், ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் கொல்லைக்கே வரும். அனைவரும் ஒரே இரவில் மூட்டினால்தான் பயன். அந்துப்பூச்சி வரப்பை அறியாது, குலத்தையும் அறியாது. நம் கொல்லையைக் காக்க விரும்பினால், அடுத்த கொல்லைக்குரியவர் எக்குலத்தவராயினும் அவரையும் அழைத்தே ஆதல் வேண்டும். இதனை நம் சங்க மேடையில் நின்று சொல்லுதல் பொருத்தமே என்று கருதுகின்றோம்.

ஆனி, ஆடியில் மற்றொரு வேலையும் உண்டு. அக்காலத்தில் வேம்பு பழுத்து உதிரும். அக்கொட்டைகளைப் பொறுக்கிக் காயவைத்தல் சிறுவரும் முதியோரும் செய்யத்தக்க எளிய வேலை. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து வடித்து, 100 லிட்டர் நீராக்கித் தெளித்தால் பல பூச்சிகள் பயிரை அணுகா. பூச்சி வருவதோ மார்கழியில். வேம்பு பழுப்பதோ ஆடியில். ஆடியில் பொறுக்காதவன் மார்கழியில் மருந்துக்கடை வாயிலில் நிற்பான்.

ஆவணியில் சம்பா நடவு. கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா முதலிய பழைய நெல்வகைகள் நம் பக்கத்தில் மீண்டும் பயிராகின்றன. மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் நிற்கும். அத்தனை நாளும் அந்நிலம் ஒரு காசும் தராது. நடவுக்கூலி ஆவணியில், களைக்கூலி புரட்டாசியில். களைக்கொல்லி தெளியாதவர்க்குக் களையெடுப்பே பெருஞ்செலவு. கடலை பிடுங்கும் காலமும் புரட்டாசி, ஐப்பசியே. மழை தவறாது பெய்திருப்பின் அங்கே முதல் வரவு காண்போம். பிடுங்கிய கடலை காயும் முன் மழை வந்துவிடின், அவ்வரவும் முளைத்துப் போகும்.

இனி, ஐப்பசி, கார்த்திகை. நம் மாவட்டத்திற்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வருகின்றது. அம்மழையே ஏரிகளை நிரப்பி நம்மை வாழ்விப்பது. அதுவே சில ஆண்டுகளில் நம்மை வருத்துவது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டில் பெய்யவேண்டிய மழையில் ஏறக்குறைய பாதி ஒரு பகலிரவில் கொட்டிற்று. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையினின்று திறக்கப்பெற்ற நீர் தென்பெண்ணையில் பெருகி, திருவெண்ணெய்நல்லூர், அரசூர்ப் பக்கத்து வயல்களை மூடியது; சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது.

அவ்வெள்ளத்தில் யூரியா இட்ட வயலும் மூழ்கியது. பஞ்சகவ்வியம் தெளித்த வயலும் மூழ்கியது. உயர்ந்து வளரும் பழைய நெல், கதிர் தாங்கிய காலத்தில் காற்றுக்கு எளிதில் சாயும் என்பதனையும் மறுத்தற்கில்லை. மூன்றில் ஒரு பங்குக்குமேல் அழிந்த இறவை நெற்பயிர்க்கு அரசு அறிவித்த உதவி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அஃதாவது ஏக்கருக்கு ஏழாயிரத்திற்கும் குறைவு. ஒரே பயிரை நம்பியவர் அவ்வாண்டில் எழமாட்டாது வீழ்ந்தார். மேட்டில் தீவனப்புல்லும், கொட்டிலில் இரண்டு பசுக்களும், வேலியோரத்தில் முருங்கையும் வைத்திருந்தவர், நெல் போன பின்னும் பால் காசு கொண்டு மார்கழியைக் கடக்க வழி இருந்தது. நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், ஆரோவில்லைச் சேர்ந்த அன்னபூர்ணா பண்ணை ஏறக்குறைய 135 ஏக்கர் பரப்புடையது. அதுவும் இயற்கை முறையில் நெல்லையும் பால்மாட்டையும் ஒருசேர வைத்தே நடைபெறுகின்றது. பெரும்பண்ணைக்கே இத்துணை வேண்டுமாயின், இரண்டு ஏக்கர்க் குடும்பத்திற்குச் சொல்லவேண்டுமோ? நெல் ஆண்டுக்கு ஒருமுறை பேசும். பசு நாள்தோறும் பேசும். எருவும் அதுவே தருகின்றது.

மார்கழிப் பனியில் குலைநோயும் கதிர்நாவாய்ப் பூச்சியும் தோன்றும். ஆடியில் சேர்த்த வேப்பங்கொட்டை அப்போது பயன்படும். கிணறுள்ளோர் கடலை விதைப்பர். பின்னர்த் தை. ஊரெல்லாம் அறுவடை, ஊரெல்லாம் நெல், ஆகவே விலை வீழ்ச்சி. வரவு வரும் ஒரே திங்களில்தான் விலை மிகத் தாழ்ந்து கிடக்கின்றது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கோ வணிகரிடத்திற்கோ கொண்டுசென்றால், நஞ்சிடாத நெல்லும் நஞ்சிட்ட நெல்லும் பெரும்பாலும் ஒரே குவியலாகவே மதிக்கப்படுகின்றன. பத்துத் திங்கள் செய்த வேறுபாடு பத்து நிமிடத்தில் மறைந்து விடுகின்றது. மாசி, பங்குனியில் நெல் அறுத்த ஈரத்தில் விளையும் உளுந்து ஒரு சிறு வரவு தரும். அதுவும் பெரும்பாலும் பழைய கடனுக்கே செல்லும். மீண்டும் சித்திரை பிறக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் ஏக்கரில் 75 கிலோ மூட்டை பதினைந்து விளைந்ததாகக் கொள்வோம். அது 1,125 கிலோ நெல். தையிலேயே நெல்லாக விற்றால், புது நெல்லின் தாழ்ந்த விலையே கிடைக்கும். அதனை நன்கு காயவைத்து வைத்திருந்து, திங்கள்தோறும் சிறிது சிறிதாக அரைத்தால், நூற்றுக்கு அறுபது விழுக்காடாக 675 கிலோ அரிசி ஆகும். பழைய நெல்லரிசியை விரும்பி வாங்குவோர் நகரத்தில் உண்டு. பத்துத் திங்களுக்குப் பகுத்தால், திங்களுக்கு 67 கிலோ அரிசியின் விலை வீட்டிற்கு வரும். தவிடு பசுவிற்கு ஆகும். ஒரு திங்களின் வரவு பத்துத் திங்களின் வரவாகும் வழி இதுவே. வெறுமையான ஆனித் திங்கள் அப்போது அத்துணை வெறுமையாய் இராது.

ஆனால் இவ்வாறு வைத்திருத்தற்கு இடம் வேண்டும். தையில் வந்து நிற்கும் கடன்காரருக்கு விடை வேண்டும். வாங்குவோர்க்கு நம் சொல்லில் நம்பிக்கை வேண்டும். இம்மூன்றும் தனி ஒருவரால் ஆவன அல்ல. ஆதலின் நம் சங்கத்தார்க்கு நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, விதைக்களஞ்சியம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் 174 பழைய நெல்வகைகளைத் திரட்டினார். இரண்டு கிலோ விதை பெற்ற உழவர் அடுத்த ஆண்டில் நான்கு கிலோ திருப்பித் தருதல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர் 2018ஆம் ஆண்டு மறைந்தார், முறை மறையவில்லை. நம் தாய்மார்கள் சுரைக்குடுக்கையிலும் பானையிலும் சாம்பல் கலந்து விதை காத்த திறத்தினர். நெல், உளுந்து, கடலை, காய்கறி விதைகளோடு வேப்பங்கொட்டையையும் காக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தல் தகும்.

இரண்டாவது, நெல் வைப்பறை. நம் சங்க மண்டபத்தில் ஓர் அறையை இதற்கு ஒதுக்கலாம். வைத்த நெல்லின் மதிப்பில் ஒரு பாதியைச் சங்க நிதியினின்று வட்டியின்றிக் கைமாற்றாகத் தரலாம். நிலத்தை ஈடுவைக்கும் குடும்பம் நெல்லை ஈடுவைக்கட்டும். நெல் போனால் அடுத்த தையில் வரும். நிலம் போனால் எத்தையிலும் வாராது.

மூன்றாவது, நற்சான்று. அண்டை நிலத்து உழவர் ஐவரேனும் குழுவாகக் கூடி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு முறையொன்றை இந்திய அரசு ஏற்றுள்ளது. தமிழ்நாட்டு அரசும் 2023ஆம் ஆண்டு இயற்கை வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. நம் சங்கத்தில் ஐந்து குடும்பங்கள் இல்லாத ஊர் சிலவே. நம்மவர் ஐவர் இல்லாத ஊரில், உடன்படும் பிற குலத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, படிப்படியாகச் செல்லுதல். செயற்கை உரத்திற்குப் பழகிய நிலத்தில் முதல் இரண்டு மூன்றாண்டுகள் விளைச்சல் குறைதல் இயல்பு. இளைஞர்கள் ஆர்வத்தால் முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற முற்படுகின்றனர். அரை ஏக்கரில் தொடங்குங்கள். வீட்டு உணவிற்கு அது போதும். மண் தேறிய பின் அடுத்த அரை ஏக்கர். நம்மாழ்வார் அவர்கள் 2013ஆம் ஆண்டு மறையும் வரையில் ஊர் ஊராகச் சென்று, உழவன் வெளியிலிருந்து வாங்கும் பொருளைக் குறைத்தலையே வலியுறுத்தி வந்தார். அதனைக் குறைத்தல் ஒரு நாளில் ஆவதன்று.

இவை நான்கிற்கும் முற்பட வேண்டியது ஒன்றுண்டு. பன்னிரண்டு ஏடுள்ள ஒரு குறிப்பேடு வாங்குங்கள். திங்களுக்கு ஓர் ஏடாக வரவும் செலவும் எழுதுங்கள். பள்ளியிற் படிக்கும் பிள்ளையின் கையால் எழுதுவித்தல் இன்னும் நன்று. உழைத்த நாளையும் எழுதுங்கள். வீட்டிற்கு எடுத்துக்கொண்ட நெல்லையும் பாலையும் கீரையையும் விலையிட்டு வரவில் வையுங்கள். பங்குனி முடிவில் பன்னிரண்டு ஏட்டையும் ஒருசேரப் பாருங்கள். ஏழு ஏடுகளில் செலவே மிகுந்திருக்கலாம். அதனைக் கண்டு அஞ்சவேண்டா. எந்த ஏடுகள் வெறுமை என்பது தெரிந்துவிட்டால், அவற்றை எதனால் நிரப்புவது என்பதும் தெரியும்: ஒன்றைப் பாலால், ஒன்றைக் கீரையால், ஒன்றை அரிசியால், ஒன்றைச் சங்கத்தாரின் கைமாற்றால். அவ்வாறு கணக்குப் பார்க்கும் உழவனுக்கு உழக்கு மிஞ்சுமோ, மரக்கால் மிஞ்சுமோ யாம் அறியோம். நிலம் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை.

வரும் சித்திரைக் கூட்டத்திற்கு வருவோர் தத்தம் குறிப்பேட்டோடு வருதல் வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.